பாலைப் பார்த்துக்கொண்டு படித்தவை

எங்கள் வீட்டில் ஒரு சினிமா பார்த்து முடிக்க ஒரு வாரம் ஆகும். எடுத்தவர்கள் இரண்டரை மணி நேரத்துக்குத்தான் எடுத்திருப்பார்கள். மீதி நேரத்தை நாங்கள் சொந்தச் செலவில் சேர்த்துக்கொள்கிறோம். 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் 167 நிமிடம். வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஆரம்பித்தோம். வந்தியத்தேவன் தஞ்சாவூர்க் கோட்டைக்குள் நுழையும்போது அடுத்த செவ்வாய் வந்துவிட்டது. கல்கி அவனைக் குதிரையில் அனுப்பியபோதுகூட இதைவிடச் சீக்கிரம் போய்ச் சேர்ந்தான்.

ரிமோட் என் கையில்தான் இருக்கும். அதாவது, நிறுத்தச் சொன்னதும் நிறுத்துவது என் வேலை. குடும்பத் தலைவர் என்ற முறையில் வந்த பொறுப்பு இது என்று ரொம்ப காலம் நினைத்திருந்தேன். ரேஷன் கார்டை எடுத்துப் பார்த்தால் தலைவர் இடத்தில் மனைவியின் படம் இருக்கிறது. நான் உள்ளே உறுப்பினர் பட்டியலில் வருகிறேன். "என்னங்க, ஒரு நிமிஷம் நிறுத்துங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். அந்த ஒரு நிமிஷத்தில் இட்லிக்கு மாவு அரைத்து வழித்தாகிவிடும், மைத்துனி ஊரிலிருந்து போன் செய்து அவள் மாமியார் விவகாரத்தை முதலிலிருந்து சொல்லி முடித்துவிடுவாள், அயர்ன் வண்டிக்குப் போன துணி மேலே வந்துவிடும். அதுவரை திரையில் குந்தவை பாதிக் கண் மூடியபடி காத்திருப்பார். எப்பேர்ப்பட்ட அழகியாக இருந்தாலும் சரி, நான் நிறுத்துகிற நொடியில் தும்மலுக்குத் தயாராகும் முகம்தான் வந்து மாட்டும்.

இதோடு அம்மா. எண்பதைத் தாண்டியவர், நாவலை எழுத்தெண்ணிப் படித்தவர். படம் ராஷ்டிரகூடர்களோடு சண்டையில் ஆரம்பித்ததும் "வேற படத்தைப் போட்டுட்டியேடா" என்றார். அவருக்கு ஆடிப் பதினெட்டு வரவேண்டும், வீரநாராயண ஏரிக்கரை வரவேண்டும், கரைமேல் குதிரை வரவேண்டும். அதற்கு முன்னால் ஆயிரம் பேர் வெட்டிக்கொண்டு செத்தாலும் அது கதையில் சேர்த்தி இல்லை.

படம் பார்ப்பதாவது நாலு பேர் கூடிச் செய்கிற காரியம், தடங்கல் வரத்தான் செய்யும். புத்தகம் அப்படியா? ஒருவர் தனியாக உட்கார்ந்து செய்வது. அங்கேதான் சிக்கலே. வீட்டில் ஒரு ஆண் பேப்பர் படித்தால் அவன் நாட்டு நடப்பைத் தெரிந்துகொள்கிறான், கூப்பிடமாட்டார்கள். போனைப் பார்த்தால் ஆபீஸ் விஷயமாக இருக்கலாம் என்று சந்தேகத்தின் பலனைக் கொடுப்பார்கள். மடிக்கணினியைத் திறந்துவிட்டால் மிக்ஸியைக்கூடத் துணி போட்டு மூடி ஓட்டுவார்கள். புத்தகம் மட்டும்தான் கையில் இருந்தும் கை காலியாக இருப்பதாகக் கணக்கு. "சும்மாதானே இருக்கீங்க, இந்தப் பூண்டை உரிச்சுடுங்க."

உரித்தேன். என்னிடம் உள்ள 'மோகமுள்' பிரதியில் பாபு ரங்கண்ணாவிடம் பாட்டுக் கற்றுக்கொள்கிற பக்கங்களில் இன்றைக்கும் பூண்டு மணக்கும். தி. ஜானகிராமன் கும்பகோணத்தை எழுதினால் வாசனையே வரும் என்று ரசிகர்கள் சொல்லும்போது நான் வாயைத் திறப்பதில்லை.

பூண்டாவது பரவாயில்லை. என் இலக்கிய வாழ்க்கையின் பெரிய எதிரி பால். "பாலைப் பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு மனைவி துணி காயப்போட மாடிக்குப் போவாள். பால் விவரமானது. நான் அதையே பார்த்துக்கொண்டிருக்கும் வரை ஆடை கட்டிக்கொண்டு சாதுவாக இருக்கும். கண்ணைப் பக்கத்தில் வைத்து ஒரு வாக்கியத்தின் எழுவாயைப் பிடித்துப் பயனிலையைத் தேடிப் போயிருப்பேன், அந்த நேரம் பார்த்து எழும்பும். சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981இல் வந்தது. அந்த நாவலைப் பற்றித் தமிழில் எவ்வளவோ கடுமையான விவாதங்கள் நடந்திருக்கின்றன. எங்கள் அடுப்படியில் நடந்த அளவுக்கு எதுவும் இல்லை.

குக்கர் இன்னொரு வகை. "மூணு விசில் வந்ததும் அணைச்சுடுங்க" என்பது கேட்கச் சின்ன வேலை. டால்ஸ்டாயின் 'போரும் வாழ்வும்' படித்துக்கொண்டே விசில் எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ருஷ்யப் பெயர்கள் ஒரு பக்கம், விசில் ஒரு பக்கம். இரண்டில் ஒன்றுதான் நினைவில் நிற்கும். நெப்போலியன் மாஸ்கோவுக்குள் நுழைந்துகொண்டிருந்தபோது வந்தது இரண்டாவது விசிலா மூன்றாவதா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு என்று முடிவு செய்தேன். 1812இல் மாஸ்கோ எரிந்தது. எங்கள் பருப்பும் அடிப்பிடித்தது. அந்த அத்தியாயத்தை நான் படித்த அளவுக்கு உணர்ந்து படித்த தமிழ் வாசகர் வேறு யாரும் இருக்கமுடியாது.

ஒரு புத்தகத்தை ஒரே மூச்சில் படிக்க விடாத வீடு என்று நண்பர்களிடம் புலம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அம்மாவின் டிரங்குப் பெட்டியைச் சுத்தம் செய்தபோதுதான் புலம்பலில் நியாயம் கொஞ்சம் குறைவு என்று பட்டது. பெட்டிக்குள் பாட்டி கட்டிவைத்த பைண்டு புத்தகங்கள் இருந்தன. கதை என்பது இந்தக் குடும்பத்துக்கு என்றைக்கு முழுசாக வந்தது?

'பொன்னியின் செல்வன்' 'கல்கி' பத்திரிகையில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே மாதம் முடிந்தது. ஐந்து பாகம், 293 அத்தியாயம், மூன்றரை வருஷம். அதற்குள் எங்கள் தெருவில் கல்யாணம் ஆகி, பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளை "பூங்குழலி" என்று மழலையில் சொல்லும் அளவுக்கு வளர்ந்துவிட்டதாக அம்மா சொல்வார். வாராவாரம் பத்திரிகை வந்ததும் வீட்டில் வரிசைப்படி படிப்பார்கள். முதலில் தாத்தா, அப்புறம் பெரியப்பாக்கள், கடைசியாகத்தான் பாட்டி. எல்லாரும் படித்து ஓய்ந்த பிறகு பாட்டி கம்பிப் பின்னை நெம்பி, தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பக்குவமாகப் பிரித்து, பெட்டியில் அடுக்குவார். பாகம் முடிந்ததும் பைண்டரிடம் போகும். காலிகோ முதுகு, கெட்டி அட்டை, முதுகில் எண். பைண்டர் வெட்டு மிஷினில் ஓரத்தை ஒழுங்குபடுத்தியபோது சில இடத்தில் மணியம் வரைந்த குதிரைகளின் காதும் சேர்ந்து போய்விட்டது.

இந்தப் புத்தகங்களில் விசேஷம் பக்கத்தின் மறுபுறம். கதையை மட்டும் பிரித்து எடுக்கலாம், காகிதத்தின் முதுகைப் பிரிக்க முடியாது. ஆகவே ஒரு பக்கம் நந்தினி பழுவேட்டரையரை மயக்குவாள், அடுத்த பக்கம் கூந்தல் தைல விளம்பரம். சில பக்கங்களில் பாதித் துணுக்கு. ஒரு நோயாளி டாக்டரிடம் வந்து "டாக்டர், எனக்கு ராத்திரியில் மட்டும்..." என்று ஆரம்பிக்கிறான், அத்துடன் பக்கம் முடிகிறது. அவனுக்கு ராத்திரியில் மட்டும் என்ன என்பது எழுபது வருஷமாக எங்கள் குடும்பத்தில் தீராத கேள்வி. சித்தப்பா ஒருவர் டாக்டருக்கே படித்தார். அவருக்கும் தெரியவில்லை.

கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' தொகுதியும் பெட்டியில் இருக்கிறது. கோபுலு படங்களோடு. 1968இல் சினிமாவாக வந்தபோது பாட்டி தியேட்டரில் கேட்ட ஒரே கேள்வி, "கோபுலு போட்ட சண்முகசுந்தரம் எப்படிடா இவ்வளவு வேகமா சிவாஜி மாதிரி ஆயிட்டான்?"

விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாம் பாகமான 'கொலை வாள்' தொகுதியில் ஒரு வாரம் இல்லை. எதிர்வீட்டில் கல்யாணம், அந்த வாரத்துப் பத்திரிகையைக் கடன் வாங்கிப் போனவர்கள் அதை அதிரசத் தட்டுக்கு அடியில் விரித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். நெய் ஏறி எழுத்தெல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றாகத் தெரிந்ததாம். அம்மா அப்போது பாவாடை சட்டைப் பருவம். படிக்க முடியாத அந்த வாரத்தில் என்ன நடந்திருக்கும் என்று தானே ஒரு அத்தியாயம் யோசித்து வைத்துக்கொண்டார். அதையே தங்கைகளுக்கும் சொன்னார், பிறகு எங்களுக்கும். நான் பத்தாவது படிக்கும் வரை அது கல்கி எழுதியது என்றுதான் நம்பியிருந்தேன்.

அந்தக் குறையைத் தீர்த்துவைக்கலாம் என்று சென்னைப் புத்தகக் கண்காட்சியில் ஐந்து பாகமும் வாங்கினேன். 1977இல் அண்ணா சாலைப் பள்ளி ஒன்றில் ஆரம்பித்து இப்போது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் வரை வந்திருக்கிற கண்காட்சி. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் இந்தப் பக்கம் திரும்பினால் ஒரு பொன்னியின் செல்வன், அந்தப் பக்கம் திரும்பினால் இன்னொன்று. பத்து சதவீதத் தள்ளுபடியில் மிச்சம் பிடித்த பணத்தை வாசலுக்கு வரும் வழியில் மிளகாய் பஜ்ஜிக்குக் கொடுத்தோம். போதவில்லை, மேலே போட்டுக் கொடுத்தோம். அம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மூன்றாம் பாகத்தைப் புரட்டி நேரே அந்த இடத்துக்குப் போனார். படித்தார். திரும்ப ஒருமுறை படித்தார். மூடிவைத்துவிட்டுச் சொன்னார்: "கல்கி இந்த இடத்துல கொஞ்சம் அவசரப்பட்டுட்டார்." புதுப் புத்தகம் அலமாரிக்குப் போனது. எங்கள் வீட்டில் இன்றைக்கும் செல்லுபடியாவது அம்மா எழுதிய அத்தியாயம்தான்.

சினிமாவும் எங்களுக்குத் துண்டு துண்டாகத்தான் வந்தது. ஊர் வேதாரண்யம் பக்கம். டூரிங் டாக்கீஸ். ஒரே ஒரு புரொஜக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்குப் போட்டுவிடுவார்கள். ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை. முறுக்கு, சோடா, கலர் விற்பவர்களின் பொருளாதாரம் அந்த ஒற்றை மிஷினை நம்பி நடந்தது. நாங்களும் கதையை மூன்று தடவை நிறுத்தி, மணல் குவித்து உட்கார்ந்து, அடுத்து என்ன என்று அடித்துக்கொள்வோம்.

ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' 1964இல் வந்தது. எங்கள் ஊருக்கு அது வந்து சேர்ந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன்; படச்சுருள் அதற்குள் ஊர் ஊராகத் தேய்ந்திருந்தது. நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்கிற இடம். பாலையாவின் முகம் மாறத் தொடங்குகிறது. படம் அறுந்துவிட்டது. விசில், கூச்சல், மணல் வீச்சு. ஒட்டி மறுபடி ஓட்டியபோது கதை சொல்லி முடிந்து வேறு ஏதோ நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வரும் வழியில், அந்தப் படத்தை முன்பே நாகப்பட்டினத்தில் பார்த்திருந்த சித்தப்பா மீதிக் காட்சியை நடித்துக் காட்டினார். சவுக்குத் தோப்பு, இருட்டு, கதவு கிரீச்சிடும் சத்தத்துக்குச் சைக்கிள் பிரேக். சித்தியே பயந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பல வருஷம் கழித்து டிவியில் முழுக் காட்சியையும் பார்த்தேன். நாகேஷ் மகா கலைஞர், மறுக்கவில்லை. ஆனால் அவரிடம் சைக்கிள் இல்லை.

டிவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். எங்கள் கரைக்கு முதலில் எட்டியது 1982இல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினி. மாடியில் ஆன்டெனாவைத் திருப்புகிறவன் ஒருவன், நடுவில் மாடிப்படியில் நின்று "இப்போ?" "இப்போ?" என்று அஞ்சல் செய்கிறவன் ஒருவன். நான் நடுவில் நின்றவன். தூர்தர்ஷன் வந்த பிறகு தடங்கலுக்கு வருந்துகிறோம் என்ற அட்டையைப் போட ஆரம்பித்தார்கள். தடங்கலுக்கு யாராவது வருத்தப்படக்கூடும் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும்.

இப்போது இடைவேளையே இல்லாமல் எடுத்த ஆங்கிலப் படத்துக்கும் நம் தியேட்டர்களில் இடைவேளை விடுகிறார்கள். 'ஓப்பன்ஹைமர்' மூன்று மணி நேரம். கிறிஸ்டோபர் நோலன் எந்த இடத்திலும் நிறுத்தச் சொல்லவில்லை. நம் ஆபரேட்டர் தன் சொந்த ரசனையில் ஒரு இடம் பார்த்து நிறுத்தினார். என் வயதில் உள்ளவர்கள் எல்லாரும் அணுகுண்டை அப்படியே போட்டுவிட்டு ஒரே திசையில் விரைந்தோம். அந்த ஆபரேட்டர்தான் அன்றைக்கு எனக்குப் பெரிய இயக்குநர். பாப்கார்ன் வாங்கிய வகையில் ஆன செலவைப் பற்றி மனைவி காரில் ஏறியதும் பேச ஆரம்பித்தவள், வேளச்சேரி தாண்டியும் முடிக்கவில்லை.

இதையெல்லாம் கோத்து ஒரு தத்துவம் உண்டாக்கினேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்ததுதான் மனசில் தங்கும். ஒரே மூச்சில் விழுங்கியது தங்காது. கேட்டவர்கள் ஒத்துக்கொண்டார்கள். பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். நிரூபிக்கச் சரியான ஆள் வீட்டிலேயே இருந்தாள். கல்லூரி போகும் மகள் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஒன்றரை மடங்கு வேகத்தில், சப்டைட்டிலோடு, ஒரு கொரியத் தொடர் முழுவதையும் சனிக்கிழமை ராத்திரியே முடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எழுந்துவருகிறவள்.

"போன மாசம் பார்த்தியே, அது என்ன கதை?" என்றேன், தோற்கப் போகிறவளிடம் காட்டவேண்டிய பரிவோடு.

சொன்னாள். கதாநாயகனின் பெயர், அவன் அப்பாவின் கம்பெனி, அந்தக் கம்பெனியை ஏமாற்றிய மாமா, மாமாவுக்கு இருந்த சர்க்கரை வியாதி, எட்டாவது எபிசோடில் கதாநாயகி போட்டிருந்த கோட்டின் நிறம். இருபது நிமிஷம். ஒன்றரை மடங்கு வேகத்தில்.

பிறகு அவள் முறை. "நீங்க சொல்லுங்கப்பா. ஜே.ஜே. யாரு?"

"மலையாள எழுத்தாளன். ஜோசஃப் ஜேம்ஸ்."

"அப்புறம்?"

"அப்புறம் பால் பொங்கிடுச்சு."

தத்துவத்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன். ஆனாலும் அம்மாவின் கட்சியில் ஒரு சாட்சி பாக்கி இருந்தது, அது படத்தின் இரண்டாம் பாகம் பார்த்தபோது வெளியே வந்தது.

இரண்டாம் பாகம் முழுக்க அம்மாவுக்கு ஒரே தேடல். கந்தமாறன் தங்கை மணிமேகலை எங்கே? அந்தப் பாத்திரத்தைப் படத்தில் வைக்கவே இல்லை என்பதை அவரிடம் சொல்கிற தைரியம் யாருக்கும் இல்லை. எந்தப் பெண் திரையில் வந்தாலும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு "இவதானே?" என்பார். படகில் போகிறவள், தீவட்டி பிடித்தவள், ஒருவரையும் விடவில்லை. கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலன் செத்ததும் மனைவி "என்னங்க, ஒரு நிமிஷம்" என்றாள். நிறுத்தினேன். கொன்றது யார் என்ற பஞ்சாயத்து ஆரம்பித்தது.

கல்கி இதைப் பட்டென்று உடைத்துச் சொல்லவில்லை. பழி வந்தியத்தேவன்மேல் விழுகிறது; பெரிய பழுவேட்டரையர் தன் கத்திதான் கொன்றது என்கிறார்; 293 அத்தியாயம் படித்த பிறகும் ஆளுக்கொரு முடிவோடு எழுந்து போகலாம். நான் பழுவேட்டரையர் கட்சி. மனைவி சமையலறையிலிருந்தபடியே நந்தினி கட்சி. மகள் போனை எடுத்துத் தட்டினாள். காட்டுமன்னார்கோவிலுக்குப் பக்கத்தில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறதாம். கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்ற சகோதரர்களைப் பெயர் சொல்லி, அவர்கள் உறவினர்களின் நிலம்வரை பறித்த விவரம் அதில் இருக்கிறதாம். அம்மாவின் வீராணம் ஏரிக்கு அங்கிருந்து கூப்பிடு தூரம்.

"கல்லுலயே இருக்கு பாட்டி. கேஸ் முடிஞ்சுது."

அம்மா போனை வாங்கிக் கல்வெட்டின் படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். ஓரத்தில் சுண்ணாம்பு பூசி எழுத்து கொஞ்சம் மறைந்திருந்தது. விரலால் அங்கே தொட்டதும் படம் பெரிதாகி எங்கேயோ ஓடியது.

"இதுலயும் ஒரு வாரம் விட்டுப்போயிருக்கும்" என்றார்.

"கல்வெட்டுல எப்படி பாட்டி வாரம்..."

"நீ சும்மா இரு. கொன்னது நான்தான்னு மணிமேகலையே வாயால சொல்வா, புஸ்தகத்துல இருக்கு. அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தா உண்மை வந்திருக்கும். அவளைத்தான் படத்துலயே சேர்க்கலைன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுட்டிருக்கீங்க எல்லாரும்."